மணியும் சட்டியும்: 'தாவோங்கா' என்ற சொல் குறித்துச் சில குறிப்புகள்

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஆண்டுவிழாவுக்கு வந்த பேச்சாளர் ஒருவர் நியூசிலாந்து மணியைப் பற்றிப் பேசினார். "காப்டன் குக் போனது 1769-ல. நம்மாளு அதுக்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடியே போய் மணியடிச்சுட்டு வந்துட்டான்யா" என்று அவர் சொன்னதும் பந்தலே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலில் எதைக் கேட்கத் தவறினேன் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. இந்தக் குறிப்புகளை எழுதத் தூண்டியது அதுதான்.

மணி உண்மையானது. ஒரு சாணுக்குள் அடங்கும் வெண்கலத் துண்டு. வாய்ப்பகுதி உடைந்துபோய் மேற்பகுதி மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து ஓடுகிறது. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். 1830-களின் நடுவில் ஃபாங்காரெய் பகுதியில் உள்ளொடுங்கிய ஒரு மாவோரிக் கிராமத்தில் இதைப் பார்த்தவர் வில்லியம் கொலன்ஸோ. கிறித்தவ சபையின் அச்சுக்காரர், தாவரங்களைச் சேகரித்தவர், பிற்பாடு மதகுரு. அவர் பார்த்தபோது அது மணியாக இல்லை. மாவோரிப் பெண்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கடியில் கிடைத்தது என்று அவருக்குச் சொன்னார்கள். கொலன்ஸோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டார். அவருடைய மரணத்துக்குப் பின் அருங்காட்சியகத்துக்கு வந்து, இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கப்பலே அங்கே போனதா, அல்லது மணி மட்டும் வேறு எவர் கையிலோ, ஆளில்லாமல் மிதந்துபோன கப்பலோடோ போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் சான்று கிடையாது. மேடைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. எழுத்து தமிழ், ஆகவே மணி தமிழனுடையது, ஆகவே கடலும் தமிழனுடையது. நடுவில் உருளைக்கிழங்கு வேகவைத்த பெண்கள் இந்தக் கதையாடலில் ஒரு வேடிக்கைக் குறிப்பாக மட்டுமே வருகிறார்கள்: "பாவம், அதோட அருமை அவங்களுக்குத் தெரியல."

அருமை என்றால் என்ன? ஒரு பொருளின் அருமையைத் தீர்மானிப்பது அதன்மேல் இருக்கும் எழுத்தா, அதை வைத்திருப்பவர்களின் பேச்சா? மாவோரி மொழியில் இந்த இடத்தில் ஒரு சொல் உண்டு, 'தாவோங்கா'. புதையல், செல்வம், பொக்கிஷம் என்று அகராதிகள் பொருள் தரும். எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை. அந்தச் சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு மணிக்குத் திரும்பலாம்.

கொலன்ஸோவே வழியும் காட்டுகிறார். 1840 பிப்ரவரி 6, வைத்தாங்கி. பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதி ஹாப்ஸன் மாவோரித் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாள். ஆங்கில வரைவை ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்திருந்தார்கள். முதல் தலைவராக ஹோனே ஹெக்கே கையெழுத்திடப் போகும் தறுவாயில் கொலன்ஸோ குறுக்கிட்டு, இவர்களுக்கு இந்த ஷரத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று கேட்டார். என்னால் ஆனதைச் செய்தாயிற்று, புரியவில்லையென்றால் அது என் குற்றமல்ல என்ற பொருள்பட ஹாப்ஸன் பதில் சொன்னார். சடங்கு தொடர்ந்தது. மாவோரிப் பிரதியை அச்சடித்துக் கொடுத்தவரும் கொலன்ஸோதான்.

இரண்டாவது ஷரத்து முக்கியம். ஆங்கிலப் பிரதியில் தலைவர்களுக்கு உத்தரவாதம் செய்யப்பட்டவை நிலங்கள், தோட்டந்துரவுகள், காடுகள், மீன்பிடிப்புகள், இதர சொத்துகள். மாவோரிப் பிரதியில் நிலம், ஊர், பிறகு 'அவர்களுடைய எல்லாத் தாவோங்காக்களும்'. அவற்றின்மேல் தலைவர்களின் முழு அதிகாரம் என்று வேறு சொல்லியிருக்கிறது. நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் இட்டவர்கள் 39 பேர்தான். 'சொத்து' என்று எழுதிக் கொடுத்தவர்களும் 'தாவோங்கா' என்று வாசித்து வாங்கிக்கொண்டவர்களும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்திட்டார்கள் என்று எந்த அர்த்தத்தில் சொல்வது? இரண்டு சொல்லாடல்களுக்கு நடுவே விழுந்த பிளவு இது. ஆவோத்தெயாரோவாவின் அடுத்த 180 வருஷ அரசியலில் பெரும்பகுதி இந்தப் பிளவுக்குள்ளேதான் நடந்திருக்கிறது.

அப்படியானால் தாவோங்கா என்பதுதான் என்ன? பச்சைக்கல்லால் ஆன ஒரு கைத்தண்டம், இறகு வைத்துப் பின்னிய ஒரு போர்வை, கழுத்தில் தொங்கும் திக்கி உருவம், செதுக்கிய ஒரு வீடு எல்லாம் தாவோங்கா. இவை பலவற்றுக்குத் தனிப்பெயர் உண்டு, மனிதர்களுக்கு இருப்பதுபோல. யார் செய்தது, யார் தரித்தது, எந்தச் சண்டை முடிந்தபோது யாருக்குக் கொடுத்தது, யாரோடு புதைத்தது, எப்போது மறுபடி வெளியே எடுத்தது என்ற வரிசை சொல்லப்பட வேண்டும். இந்த வம்ச வரிசைக்கு ஃபக்கபாப்பா என்று பெயர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பொருள் கனத்துக்கொண்டே போகிறது. தாவோங்கா வெளியே எடுக்கப்படும்போது அதை நோக்கிப் பேசுகிறார்கள், அழுகிறார்கள், தொட்டு நெற்றியை வைக்கிறார்கள். செத்துப்போனவர் வந்திருக்கிறார் என்பதுதான் அங்கே நடைமுறை உண்மை.

'பொக்கிஷங்களும் அவற்றின் பின்னால் இருக்கும் கதைகளும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் 'பின்னால்' என்ற சொல்லே ஏமாற்றுகிறது. பச்சைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். பொவ்தினி என்ற நீர்வாழ் தானிவா, வைத்தாய்க்கி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அவள் கணவன் தாமாஆஹுவா துரத்துகிறான். தென்தீவின் மேற்குக் கரையில், இனித் தப்ப முடியாது என்றானதும் தானிவா அவளை ஆராஹுரா ஆற்றில் கல்லாக மாற்றிவிடுகிறது. அவள்தான் பச்சைக்கல். இந்தக் கதை கல்லுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது? தானிவாவும் அவளும் தங்கிப்போன இடங்களின் வரிசை, எந்த ஊரில் எந்தக் கல் கிடைக்கும் என்பதற்கான நிலவியல் வரைபடமாகவும் இருக்கிறது. கதையைத் தெரிந்தவனுக்குத்தான் கல் கிடைக்கும். நியூசிலாந்து அரசு 1997-ல் சட்டம் இயற்றித் தன் வசமிருந்த இயற்கைப் பச்சைக்கல்லின் உரிமையை ங்காய் தாஹு மக்களிடம் ஒப்படைத்தபோது, அந்தக் கதைக்கு உரியவர்களிடம் கல் திரும்பியது என்றும் அதை வாசிக்கலாம்.

கோட்பாட்டுப் பக்கம் வாசிக்கிற நம்மில் பலருக்கு 'தாவோங்கா' அறிமுகமானது பாரிஸ் வழியாக. என்னத்தைச் சொல்ல, நானும் அப்படித்தான். மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய அன்பளிப்பு பற்றிய கட்டுரையின் மையத்தில் ஒரு மாவோரிக் குரல் இருக்கிறது. ங்காத்தி ரவ்காவா மக்களைச் சேர்ந்த தாமத்தி ரானாபிரி, எல்ஸ்டன் பெஸ்ட் என்ற இனவரைவியலாளருக்கு 1907-ல் எழுதிய கடிதம் அது. அதன் சாரம் இப்படி. நீ எனக்கு ஒரு தாவோங்காவைத் தருகிறாய், விலை பேசவில்லை. நான் அதை மூன்றாம் ஆளுக்குத் தருகிறேன். காலம் கழித்து அவன் பதிலுக்கு எனக்கு ஏதோ தருகிறான். வந்த பொருள் நீ தந்ததன் 'ஹவு'. அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது, உனக்குத் தந்தாக வேண்டும். வைத்துக்கொண்டால் எனக்குக் கேடு வரும், சாவும் வரலாம்.

மோஸ் இதிலிருந்து, பொருளுக்குள் கொடுத்தவனின் ஆவி இருக்கிறது, அது பிறந்த இடத்துக்குத் திரும்பத் துடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சுதேசியின் விளக்கத்தையே விஞ்ஞான விளக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டார் மோஸ் என்று 1950-ல் லெவி-ஸ்ட்ராஸ் கண்டித்தார். 1972-ல் மார்ஷல் சாலின்ஸ் புதிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, ஹவு என்பது ஆவியல்ல, விளைச்சல், பெருக்கம் என்றார். 1991-ல் தெரிதா, உண்மையான அன்பளிப்பு என்பதே சாத்தியமா என்று மோஸைப் புரட்டிப் போட்டார். எல்லாம் சரி. ஆனால் ரானாபிரி எழுதியது அன்பளிப்பைப் பற்றிய தத்துவம் அல்ல. பெஸ்ட் கேட்டது காட்டையும் பறவைகளையும் பற்றி. காட்டின் வளத்துக்காகப் பூசாரிகள் ஒரு கல்லைக் காட்டில் வைக்கிறார்கள்; காடு வேட்டைக்காரர்களுக்குப் பறவை தருகிறது; அவர்கள் அதில் ஒரு பங்கைப் பூசாரிகளுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். ஏன் என்பதை வெள்ளைக்காரனுக்குப் புரியவைக்கத்தான் மூன்று பேர் உதாரணம். பாரிசில் உதாரணம் நிலைத்தது, பறவைகள் பறந்துவிட்டன. அதே காலத்தில் வடதீவின் காடுகள் மேய்ச்சலுக்காக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ரானாபிரியின் கடிதம் ஒரு தாவோங்கா என்று வைத்துக்கொள்வோம். அவர் விலை பேசாமல் பெஸ்டுக்குக் கொடுத்தார். பெஸ்ட் அதை அச்சில் போட்டு மூன்றாம் ஆளான மோஸிடம் சேர்த்தார். மோஸிடமிருந்து ஒரு துறையே பிறந்தது, நாற்காலிகள், நூல்கள், சர்ச்சைகள். கடிதத்தின் ஹவு இதுதானே? இது ரானாபிரியின் மக்களுக்கு எப்போது திரும்பியது? (பெஸ்ட் இளமையில் ஆயுதக் காவல்படையில் இருந்தவர். ஆயுதமில்லாமல் எதிர்த்து நின்ற பரிஹாக்கா கிராமத்துக்குள் 1881-ல் அரசுப் படை புகுந்தபோது அந்தப் படையில் அவரும் ஒருவர். தகவல் சேகரிப்பவரின் கைக்கும் ஒரு ஃபக்கபாப்பா உண்டு.)

கோட்பாட்டை நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வருவோம். மாவோரிக் கூட்ட வீடு ஒரு மூதாதையின் உடல். உவமையாகச் சொல்லவில்லை, உறுப்புகளின் பெயரே அப்படித்தான். கூரையின் நடு உத்தரம் முதுகெலும்பு. கைமரங்கள் விலா எலும்புகள். முகப்பில் சரிந்து இறங்கும் பலகைகள் விரித்த கைகள். உள்ளே சுவர்தோறும் செதுக்கிய தூண்பலகைகளில் முன்னோர்கள் நிற்கிறார்கள். உள்ளே நுழைகிறவர் ஒருவரின் மார்புக்குள் நுழைகிறார்.

ஃபாக்காத்தானேவில் ங்காத்தி ஆவா மக்கள் 1875-ல் மாத்தாத்துவா என்ற வீட்டைத் திறந்தார்கள். 1860-களின் போர்களுக்குப் பிறகு அரசு அவர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்திருந்தது. சிதறிய குழுக்களை ஒன்றுசேர்க்கத்தான் வீடு, அதற்குத் தங்களை அங்கே கொண்டுவந்த மூதாதையரின் படகின் பெயர். நான்கே வருஷம். 1879-ல் சிட்னியில் சர்வதேசக் கண்காட்சி, அரசு வீட்டைக் கேட்டது. அரசின் காகிதங்களில் அது அன்பளிப்பு ஆனது. மக்கள் கணக்கில் அது திரும்பி வரவேண்டியது. ரானாபிரி சொன்னதற்கும் மோஸ் படித்ததற்கும் இருபத்தெட்டு வருஷம், நாற்பத்தாறு வருஷம் முன்பே இந்தத் தகராறு நடந்திருக்கிறது.

சிட்னியில் அந்த வீட்டை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி. உள்ளே இருக்க வேண்டிய முன்னோர் பலகைகளை வெளியே பார்க்கும்படி வைத்தார்கள், செலவும் குறைவு, பார்வையாளருக்கும் சுலபம். ஒரு ஆளைக் குடலைப் புரட்டிப்போட்டு நிற்கவைப்பது மாதிரி. அருங்காட்சியகம் என்கிற நிறுவனத்தின் தர்க்கத்தை விளக்க ஃபூக்கோ முதல் எத்தனையோ பேரைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு செய்தி சொன்ன அளவுக்கு அவர்கள் சொன்னதாக நினைவில்லை. மெல்பர்ன், பிறகு லண்டனில் சவுத் கென்சிங்டன், அங்கே நிலவறையில் நாற்பது வருஷம் போல. 1924-ல் வெம்ப்ளி சாம்ராஜ்யக் கண்காட்சி. 1925-ல் நாடு திரும்பியபோதும் ஊருக்குத் திரும்பவில்லை. டுனெடின் கண்காட்சிக்குப் போய் அங்குள்ள ஒட்டாகோ அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய எழுபது வருஷம் இருந்தது. 1996-ல்தான் ங்காத்தி ஆவாவுக்கு உரிமை திரும்பியது. 2011-ல் வீடு மறுபடி ஃபாக்காத்தானேவில், உள்புறம் உள்ளேயே இருக்க, திறக்கப்பட்டது.

வீட்டுக்காவது கேட்டு வாங்கினோம் என்று சொல்ல ஒரு காகிதம் இருந்தது. மொத்துனூயிப் பலகைகளுக்கு அதுவுமில்லை. தாராநாக்கி மாகாணத்தில் தே ஆத்தியாவா மக்களின் பகுதி அது. உணவுக் களஞ்சியம் ஒன்றின் பின்சுவரில் நின்றிருந்த ஐந்து பலகைகள். முக்கோணக் கூம்புத் தலையும் பாம்புபோல் முறுக்கிய உடலுமாக அந்தப் பகுதிக்கே உரிய செதுக்கல். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துப்பாக்கி கிடைத்த வடக்குக் குழுக்கள் படையெடுத்து வந்த காலத்தில், இவற்றைக் கழற்றிச் சதுப்பில் புதைத்துவிட்டார்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் அழுகாது. அந்தச் சேறு நூற்றைம்பது வருஷம் எந்த அருங்காட்சியகத்தையும்விட நன்றாக அவற்றைக் காப்பாற்றியது.

1970-களின் தொடக்கத்தில் அவை தோண்டி எடுக்கப்பட்டன. 1973-ல் ஒரு லண்டன் கலைப்பொருள் வியாபாரி 6,000 நியூசிலாந்து டாலருக்கு வாங்கி, அனுமதியின்றி நியூயார்க்குக்குக் கடத்தினார். ஜெனீவாவில் வசித்த ஜார்ஜ் ஒர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளர் 65,000 அமெரிக்க டாலருக்கு வாங்கினார். ஒர்ட்டிஸின் குடும்பச் செல்வம் பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களும் ஒரு நாட்டின் பூர்வகுடிகளே. 1977-ல் அவர் மகள் கடத்தப்பட்டு, பெரும் பணம் கொடுத்து மீட்கப்பட்டாள். கடனை அடைக்க 1978-ல் சேகரிப்பை லண்டனில் சோதபிஸ் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஏலப் பட்டியலைப் பார்த்துத்தான் பலகைகள் இருக்கும் இடம் நியூசிலாந்து அரசுக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டது.

வழக்கு முழுக்க ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. அனுமதியின்றி ஏற்றுமதியாகும் வரலாற்றுப் பொருள் அரசுடைமை ஆகும் என்று நியூசிலாந்தின் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எல்லை தாண்டிய அந்தக் கணமே ஆகிவிடுமா, அல்லது கைப்பற்றினால்தான் ஆகுமா? முதல் நீதிபதி நியூசிலாந்து பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1982-ல் டென்னிங் பிரபுவின் மேல்முறையீட்டு மன்றம் புரட்டியது. 1983-ல் பிரபுக்கள் சபை, கைப்பற்றினால்தான் உடைமை என்று முடித்துவைத்தது. நாட்டைவிட்டு வெளியே போகாததைக் கைப்பற்றலாம், போய்விட்டதைக் கைப்பற்ற முடியாது. கடத்தலில் ஜெயித்தவன் சட்டத்திலும் ஜெயித்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஆள், இல்லாத ஆள். வாதி நியூசிலாந்தின் அட்டர்னி ஜெனரல், பிரதிவாதி சேகரிப்பாளர். தே ஆத்தியாவா மக்கள் எந்தப் பக்கமும் இல்லை. பலகைகள் யாருடைய முன்னோர்கள் என்பது வழக்கின் கேள்வியே அல்ல. அதே லண்டன் மேல்முறையீட்டு மன்றத்தில் நம் பத்தூர் நடராஜர் வழக்கு 1991-ல் வந்தபோது, இடிந்துகிடந்த ஒரு கோயிலே வழக்காடியாக நிற்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள், சிலையும் திரும்பியது. எட்டு வருஷ இடைவெளியில் நீதிபதிகள் ஞானம் பெற்றுவிடவில்லை. கோயிலை ஒரு சட்ட நபராக ஏற்கெனவே காலனியச் சட்டம் நமக்கு எழுதி வைத்திருந்தது. மாவோரி மூதாதைக்கு அப்போது அப்படி எழுதப்படவில்லை.

1983-ல் இன்னொன்றும் நடந்தது. மொத்துனூயியில் இயற்கை வாயுவைப் பெட்ரோலாக மாற்றும் ஆலை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கழிவைக் கடலில் விடத் திட்டம். தே ஆத்தியாவா மக்கள் தலைமுறைகளாகச் சிப்பி பொறுக்கிய பாறைத்திட்டுகள் அங்கேதான். அவர்கள் வைத்தாங்கித் தீர்ப்பாயத்திடம் போனார்கள். தீர்ப்பாயம் 1840-ன் மாவோரிப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பாறைத்திட்டுகளும் தாவோங்காதான் என்றது. அரசு முதலில் மறுத்து, எதிர்ப்பு வலுத்ததும் புதிய கழிவுக்குழாய்த் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே வருஷம், ஒரே ஊர். லண்டனில் பலகை சொத்தாகத் தோற்கிறது. சொந்த ஊரில் சிப்பி தாவோங்காவாக ஜெயிக்கிறது. மூன்று வருஷம் கழித்து அதே தீர்ப்பாயம் மாவோரி மொழியும் தாவோங்கா என்றது. 1987-ல் அது ஆட்சிமொழியானது. பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது.

பலகைகள்? ஒர்ட்டிஸ் 2013-ல் இறந்தார். 2014-ல் நியூசிலாந்து அரசு 45 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கியது. 6,000 டாலருக்கு ஊரைவிட்டுப் போனவை. 2015-ல் நியூ பிளிமத் நகரின் புக்கே ஆரிக்கி அருங்காட்சியகத்துக்கு, சொந்த மக்கள் பாட்டும் அழுகையுமாக வரவேற்க, வந்து சேர்ந்தன.

இதையெல்லாம் படிக்கும்போது மாவோரி மீட்சியை ஒரு நேர்கோட்டு வெற்றிக் கதையாக எழுதிவிடும் ஆசை வருகிறது. அது இன்னொரு பெருங்கதையாடல். 1984 செப்டம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 'தே மாவோரி' கண்காட்சி திறந்தது. விடியலில் முதியவர்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். 174 தாவோங்காக்கள், ஒவ்வொன்றும் போவதற்கு உரிய மக்களின் சம்மதம் கேட்கப்பட்டது. சிலர் மறுத்தார்கள், மறுப்பு ஏற்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவை உயிருள்ளவை என்று உலகம் பார்த்தது. பெரிய திருப்பம், சந்தேகமில்லை. கண்காட்சிக்குப் பணம் தந்த நிறுவனம் மோபில். மொத்துனூயிப் பெட்ரோல் ஆலையில் கால்பங்குக்காரரும் அதே மோபில்.

அங்கே போன 174-ம் மரம், கல், எலும்பு. ஆண்கள் செதுக்கியவை. பெண்கள் ஹரக்கெக்கே நாரைத் தறியில்லாமல் விரலால் மட்டும் பின்னிய போர்வைகள் சேர்க்கப்படவில்லை. நாஹுயியா தே அவெகோத்துகு போன்ற மாவோரிப் பெண் ஆய்வாளர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். அன்பளிப்புகளில் மிக உயர்ந்ததாக, இறந்தவர் உடலைப் போர்த்துவதாக, அந்தப் போர்வைகள்தான் இருந்துவந்தன. உலகத்துக்குக் காட்டும் 'கலை' என்றானதும் அவை கைவினை ஆகிவிட்டன. மாவோரி அடையாளம் என்பதும் உள்ளே பிளவுகள் உள்ள பிரதிதான்.

இனி மணி. நம் மேடைகளில் அந்த மணியை அடித்தவர்கள் செய்தது மாத்தாத்துவாவுக்குச் சிட்னியில் செய்ததற்கு வெகுதூரத்தில் இல்லை என்று எனக்குப் படுகிறது. எழுத்திருக்கும் புறத்தை மட்டும் வெளியே திருப்பி வைத்தார்கள். அதையும் ஒழுங்காக வாசித்தார்களா என்றால் இல்லை. எழுத்தில் இருப்பது முகையதீன் என்ற பெயர். கடலோடித் தொழிலில் நின்ற தமிழ் முஸ்லிம்களின் உலகத்திலிருந்து வந்த பெயர். பள்ளி விழாவில் அந்தப் பேச்சாளர் 'தமிழன்' என்றார், சோழன் என்றார், பாண்டியன் என்றார். முகையதீன் என்று ஒருதடவைகூடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 1992 டிசம்பருக்குப் பிறகு இந்த மணியைப் பற்றிய பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் வருவதில்லை.

மணிக்கு வம்ச வரிசை சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது? வார்த்தவர், முகையதீன் பக்ஸ், கப்பல், கடல், மரத்தின் வேர், எடுத்தவர், அந்தப் பெண்கள், கொலன்ஸோ, அருங்காட்சியகம். வேரடியில் கிடைத்தது என்ற கதையைக் காப்பாற்றி வைத்திருந்து கொலன்ஸோவிடம் சொன்னது அந்த ஊர் மக்கள். அவர்கள் அதை உருக்கி வேறேதாவது செய்திருக்கலாம், செய்யவில்லை. உடைந்த மணியைச் சட்டியாக்கித் தினம் நெருப்பில் வைத்தார்கள். அருமை தெரியாதவர்கள் என்று நாம் சொன்னது இவர்களை.

கொலன்ஸோ கொடுத்தது ஓர் இரும்புச் சட்டி. அந்தச் சட்டியில் எத்தனை வருஷம் உருளைக்கிழங்கு வெந்ததோ. நமக்குக் கிடைக்கும் குறிப்புகளில் முகையதீனுக்குப் பெயர் இருக்கிறது, கொலன்ஸோவுக்குப் பெயர் இருக்கிறது. சட்டியை வாங்கிக்கொண்ட பெண்களுக்கு இல்லை. மணியின் ஹவு யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்று ரானாபிரியைக் கேட்டால், அவர் முதலில் அவர்களுடைய பெயரைத்தான் கேட்டிருப்பார்.